எழுத்துத் தடுமாறும் பிள்ளையும் ஒரு டீச்சரும்: சிறார் நாவல் எழுத முழுமையான வழிகாட்டி

படிப்பு வராத ஒரு பிள்ளை, அதைக் கைதூக்கிவிடும் ஓர் ஆசிரியர். சிறார் நாவல் எழுத உட்காருகிறவர்களில் பலர் முதலில் தொடுவது இந்தக் கதையைத்தான். அது எப்படிப் போகும் என்றும் நமக்குத் தெரியும்: முதல் அத்தியாயத்தில் அடி, ஐந்தாவதில் புது ஆசிரியர், கடைசியில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண். கரிசல் காட்டுத் தொடக்கப்பள்ளிகளில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். உண்மையிலேயே எழுத்துத் தடுமாறும் பிள்ளைக்கு இந்தக் கதையை வாசித்துக் காட்டினால், அது யாரோ ஒருவரின் கதை என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான்காம் வகுப்பில் எனக்கொரு மாணவன் இருந்தான். வாசிக்கச் சொன்னால் போதும், "ஒண்ணுக்குப் போகணும் டீச்சர்" என்பான். மூன்று மாதம் அதைச் சேட்டை என்றே நினைத்தேன். ஒருநாள் விடாமல் நிற்க வைத்து வாசிக்கச் சொன்னேன். பத்தி முழுவதையும் பிழையில்லாமல் சொன்னான். அருகே போய்ப் பார்த்தால், புத்தகம் வேறு பக்கத்தில் திறந்திருந்தது. பக்கத்துப் பையன் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டே பாடம் முழுவதையும் மனப்பாடம் செய்திருக்கிறான். அந்த மூன்று மாதத்தில் நான் அவனிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இந்த வழிகாட்டியை அந்த மூன்று மாதத்தை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். உங்கள் நாவலில் டீச்சருக்கு என்ன பெருமை சேர்த்தாலும், அது அவர் பிள்ளையைக் கவனித்துப் பார்த்ததிலிருந்து வரட்டும்.

எல்லாப் படிகளையும் விளக்க ஒரே கதையைத் துணைக்கு வைத்துக்கொள்கிறேன். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். முத்துமாரி, ஐந்தாம் வகுப்பு. அம்மா தீப்பெட்டி ஆலைக்குப் போகிறாள். வீட்டில் ஆச்சி. பள்ளியில் புதிதாக வந்திருக்கும் தங்கம் டீச்சர். எல்லாம் கற்பனைதான்.

முதல் படி: தடுமாற்றம் எது என்று முடிவு செய்யுங்கள்

"படிப்பு வரவில்லை" என்பது ஒரு பிள்ளையைப் பற்றி எதையுமே சொல்லவில்லை. காது சரியாகக் கேட்காத பிள்ளை உண்டு. அறுவடைக் காலமெல்லாம் பள்ளிக்கு வராமல் விட்டுப்போன பிள்ளை உண்டு. வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ பேசிவிட்டு வந்து, பள்ளியில் தமிழைத் தொடங்கும் பிள்ளை உண்டு. டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளையும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் கதை வேறு. ஒன்றை மட்டும் எடுங்கள்.

மாரிக்கு நான் டிஸ்லெக்ஸியாவை எடுக்கிறேன். அப்படியென்றால் அதைப் பற்றிச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். எழுத்துகள் தலைகீழாகத் தெரியும், காற்றில் பறக்கும் என்றெல்லாம் எழுதுவது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் விஷயம் அதுவல்ல. கண்ணில் குறை இல்லை, அறிவிலும் குறை இல்லை. ஒலியையும் எழுத்தையும் இணைப்பதில்தான் சிக்கல். மற்றப் பிள்ளைகளுக்குச் சில மாதங்களில் தானாக நடக்கிற அந்த இணைப்பு, இந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் புதிதாக உழைத்துச் செய்ய வேண்டிய வேலை. அதனால்தான் பத்து நிமிடம் வாசித்தவுடன் களைப்பு வரும், கோபம் வரும். குடும்பத்தில் தொடர்ந்து வருவதும் உண்டு. மாத்திரையால் தீராது. முறையாகக் கற்றுக்கொடுத்தால் வாசிப்பு வரும், வேகம் மட்டும் குறைவாகவே இருக்கலாம்.

அப்புறம், தமிழ் எழுத்தில் இது எப்படித் தெரியும் என்று பாருங்கள். ஆங்கிலப் புத்தகங்களில் படித்ததை வைத்து, பி-யையும் டி-யையும் மாற்றி எழுதுகிறாள் என்று தமிழ்ப் பிள்ளைக்கு எழுதாதீர்கள். நம் எழுத்துக்கு அதற்கே உரிய முட்டுக்கட்டைகள் இருக்கின்றன. "பெண்" என்ற சொல்லில் கண்ணில் முதலில் படுவது கொம்பு, வாய் முதலில் சொல்ல வேண்டியது ப். "கொடி"யில் ஒரே ஒலிக்கு இடப்பக்கம் கொம்பு, வலப்பக்கம் கால். "கௌ" என்பதில் பின்னால் நிற்பது ளகரம் போலவே இருக்கும், ஆனால் அது ளகரம் இல்லை. உகரத்தை எடுங்கள்: கு, சு, து மூன்றும் மூன்று மாதிரி வளையும், ஒரு விதியைச் சொல்லி எல்லாவற்றையும் எழுத வைக்க முடியாது. ஒலியிலும் அப்படித்தான். "கல்", "அகல்", "தங்கம்" மூன்றிலும் ஒரே ககரம், வாயில் வருவதோ வேறு வேறு ஒலி. "சட்டை", "பச்சை", "மஞ்சள்" சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று, எழுத்தாளர்கள் அடிக்கடி தவறவிடுவது. மாரி "மழை"யை "மளை" என்று எழுதினால் அது டிஸ்லெக்ஸியா ஆகிவிடாது. அவள் ஊரில் எல்லாருமே மளை என்றுதான் சொல்கிறார்கள், கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறாள். "வந்துச்சு" என்று பேசும் பிள்ளை "வந்தது" என்று வாசிக்க வேண்டியிருப்பதும் எல்லாப் பிள்ளைக்கும் உள்ள பாரம். ஆனால் அவள் "மழை"யை "மைழ" என்று எழுதினால், "பட்டம்" என்பதைக் கைதட்டி பட்-டம் என்று இரண்டாகப் பிரிக்கத் தெரியாமல் விழித்தால், ஒரே சொல்லை ஒரு பக்கத்தில் மூன்று விதமாக வாசித்தால், அப்போது டீச்சர் நிமிர்ந்து பார்க்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரிந்த டீச்சர்தான் உங்கள் கதாநாயகி. அவருக்குத் தெரிய வேண்டுமானால் முதலில் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

இரண்டாம் படி: பிள்ளை ஒளிந்துகொள்ளும் வழிகளை எழுதுங்கள்

தடுமாறும் பிள்ளை சும்மா உட்கார்ந்து அழுவதில்லை. நாள் முழுவதும் தந்திரம் செய்து பிழைக்கிறது. நோட்டை வீட்டில் மறந்துவிட்டு வரும். கரும்பலகையை அழிக்க முதலில் ஓடும். தண்ணீர் பிடிக்க, சாக்பீஸ் வாங்கிவர, ஒன்றாம் வகுப்பைப் பார்த்துக்கொள்ள என்று எந்த வேலைக்கும் தயாராக நிற்கும். வாசிப்பு முறை தன்னிடம் வருவதற்குள் மணி அடிக்குமா என்று வரிசையில் தலைகளை எண்ணும். இவற்றில் பத்தை எழுதி வைத்துக்கொண்டு, அதில் நான்கைக் கதையில் பயன்படுத்துங்கள். படிக்கிற பிள்ளை சிரிக்கும், ஒளிந்துகொள்கிற பிள்ளை திடுக்கிடும்.

மாரிக்கு ஒரு பெரிய தந்திரம் கொடுத்திருக்கிறேன். அவள் பேருந்துகளைப் பெயர்ப்பலகை பார்த்து அடையாளம் காண்பதில்லை. நிறம், ஹாரன் சத்தம், முன்கண்ணாடியில் தொங்கும் எலுமிச்சை மாலை, ஓட்டுநரின் மீசை. ஆச்சிக்குக் கண்புரை. ஆச்சிக்கு வாசிக்கத் தெரியும், பார்வை இல்லை. மாரிக்குப் பார்வை உண்டு, வாசிக்கத் தெரியாது. இருவரும் சேர்ந்து ஊர் ஊராகப் போய் வருகிறார்கள். நாவலின் முதுகெலும்பு இதுதான்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். வாசிக்க வராததற்கு ஈடாக அந்தப் பிள்ளையை ஓவிய மேதையாகவோ கணக்குப் புலியாகவோ ஆக்காதீர்கள். எல்லாருக்கும் அப்படி ஒரு திறமை ஒளிந்திருப்பதில்லை. எதிலும் சாதாரணமாக இருக்கும் பிள்ளை அந்தப் புத்தகத்தைக் கேட்டு முடித்ததும், எனக்கு அதுவும் இல்லையே என்று நினைக்கும். மாரி ஓவியம் வரைய மாட்டாள். நன்றாகக் கதை கேட்பாள், சட்டென்று கோபப்படுவாள், ஆட்டுக்குட்டிகளைக் காது அடையாளத்தால் பிரித்துச் சொல்வாள். போதும்.

மூன்றாம் படி: பள்ளிக்கூடத்தை உள்ளபடி கட்டுங்கள்

"ஓர் அழகிய கிராமத்தில் ஒரு சிறிய பள்ளி" என்று தொடங்காதீர்கள். தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப்பள்ளிக்குத் தனி உலகம் உண்டு, அதிலேயே கதை கிடக்கிறது.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் கணக்குப்படி அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். அதாவது ஐந்து வகுப்பை இருவர் பார்க்க வேண்டும். ஒரே அறையில் மூன்று வகுப்பு உட்கார்ந்திருக்கும்போது, ஒரு பிள்ளை ஒளிந்துகொள்வது எவ்வளவு எளிது என்று யோசியுங்கள். தொடக்க வகுப்பில் யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்பதால், வாசிக்காமலேயே ஐந்தாம் வகுப்பு வரை வந்துவிடலாம். இதை வைத்துச் சட்டத்தைத் திட்ட வேண்டாம். நிறுத்திவைத்திருந்தால் மாரி மூன்றாம் வகுப்பிலேயே பள்ளியை விட்டுப் போயிருப்பாள். அதையும் டீச்சர் வாயால் ஓரிடத்தில் சொல்ல வையுங்கள்.

அடிப்படை வாசிப்பும் கணக்கும் வரவைப்பதற்கான எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்பார்கள். நல்ல எண்ணத்தில் வைத்த பெயர்கள்தான். ஆனால் எந்தப் பூப்பெயர் வைத்தாலும் பிள்ளைகளுக்கு யார் எங்கே என்பது இரண்டே நாளில் தெரிந்துவிடும். தங்கை மொட்டுக்குப் போய்விட்டாள், அக்கா இன்னும் அரும்பு. இந்த ஒரு வரியில் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது.

காலை உணவில் கிச்சடியின் வாசனை, தமிழ்த்தாய் வாழ்த்து, வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்பவளின் ரிப்பனை இழுப்பது எல்லாம் தானாக வந்துவிடும். அதிகம் அடுக்க வேண்டாம்.

நான்காம் படி: டீச்சரைச் செய்யுங்கள்

இதில்தான் பெரும்பாலான கையெழுத்துப் பிரதிகள் சாய்கின்றன. வந்த முதல் நாளே புன்னகையோடு எல்லாவற்றையும் புரிந்துகொள்ளும் டீச்சர், பிள்ளைகளுக்கு அலுப்பூட்டுவார். அவர்கள் அப்படி ஒருவரைப் பார்த்ததே இல்லை.

தங்கம் டீச்சருக்கு வேலை நெருக்குகிறது. எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் பதிவு, கூட்டம், தேர்தல் வேலை. மகன் வெளியூரில் படிக்கிறான். முதல் மாதத்தில் அவர் மாரியைத் தவறாகத்தான் புரிந்துகொள்கிறார், ஒரு தடவை எல்லார் முன்னாலும் கடிந்தும் விடுகிறார். அந்தத் தவற்றை அவர் திருத்திக்கொள்ளும் காட்சி, எந்தப் பொன்மொழியையும் விடப் பிள்ளைகள் மனத்தில் நிற்கும். பெரியவர் ஒருவர் பத்து வயதுப் பிள்ளையிடம் "அன்னைக்கு நான் பேசினது தப்பு மாரி" என்று சொல்வதை நம் சிறார் நாவல்களில் அதிகம் பார்த்ததில்லை.

அடுத்து, அவர் செய்யும் வேலைகளைத் திட்டவட்டமாக எழுதுங்கள். "அன்போடு சொல்லிக்கொடுத்தார்" என்றால் எதுவும் தெரியாது. அவர் என்ன செய்கிறார்? எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொல்வதை நிறுத்துகிறார். நாளை வாசிக்க வேண்டிய நான்கு வரியை இன்றைக்கே தனியாகக் காட்டிவிடுகிறார். பழைய அழைப்பிதழ் அட்டையில் ஒரு வரி மட்டும் தெரியும் அளவுக்கு ஜன்னல் வெட்டிக் கொடுக்கிறார். சொற்களை முதலில் வாயால் உடைக்க வைக்கிறார், பிறகுதான் எழுத்து. மணலில் விரலால் எழுதச் சொல்கிறார், எழுதும்போதே ஒலியையும் சொல்ல வேண்டும். திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிப் பழகிய ஊர் இது, ஆச்சி கேட்டால் "இதுல என்ன புதுசு" என்பாள். அறிவியல், சமூக அறிவியல் கேள்விகளுக்கு வாயால் பதில் சொன்னால் போதும் என்கிறார். முதல்முறையாக மாரிக்கு எவ்வளவு தெரியும் என்பது வகுப்புக்குத் தெரிகிறது.

இவை தினமும் பதினைந்து நிமிடம், மாதக்கணக்கில் நடக்க வேண்டிய வேலை. இடையில் டீச்சருக்குப் பயிற்சி வகுப்பு வந்து பத்து நாள் நின்றுபோகட்டும். மாரி மறந்துபோகட்டும். மறுபடி தொடங்கட்டும்.

வட்டார வள மையத்திலிருந்து, கற்றலில் சிரமப்படும் பிள்ளைகளுக்காக வரும் சிறப்பாசிரியரையும் ஓர் அத்தியாயத்தில் கொண்டுவாருங்கள். டீச்சர் ஒருவரே எல்லாவற்றையும் கண்டுபிடிப்பது நம்பும்படி இருக்காது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது, பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒருவர் என்று சலுகைகள் உண்டு. கதைக்குள் சட்டப் பாடம் நடத்தாமல், அம்மாவுக்கு அவர் மரத்தடியில் விளக்குவது போல ஐந்து வரியில் முடித்துவிடுங்கள். "எம் புள்ள ஊனமாம்மா?" என்று அம்மா கேட்பாள். அந்தக் கேள்விக்கு அவசரப்பட்டு ஆறுதல் சொல்லாதீர்கள். அம்மாவைக் கொஞ்ச நேரம் பேச விடுங்கள். அவளும் மூன்றாம் வகுப்போடு நின்றவள், ஏன் நின்றாள் என்று அவளுக்கே இதுவரை தெரியாது.

ஐந்தாம் படி: ஆண்டை மூன்றாக வெட்டுங்கள்

அமைப்புக்கு வெளியே தேட வேண்டாம். 2012-13 முதல் தொடக்க வகுப்புகளில் முப்பருவ முறை. ஜூன் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் டிசம்பர், ஜனவரி முதல் ஏப்ரல். ஒவ்வொரு பருவத்துக்கும் புதுப் புத்தகம். மற்றப் பிள்ளைகள் புதுப் புத்தகத்தை முகர்ந்து பார்ப்பார்கள். மாரிக்கு ஆண்டுக்கு மூன்று முறை வயிறு கலங்கும். நாவல் மூன்று பாகமாகத் தானாகவே பிரிந்துவிடுகிறது.

முதல் பருவத்தில் ஒளிதல், கடைசியில் பிடிபடுதல். இரண்டாம் பருவத்தில் டீச்சரோடு வேலை தொடங்குகிறது, கொஞ்சம் முன்னேற்றமும் தெரிகிறது. அப்போதுதான் பெரிய அடி விழ வேண்டும். ஆச்சியைக் கண் காட்ட கோவில்பட்டி அரசு மருத்துவமனைக்கு மாரி கூட்டிப் போகிறாள். திரும்பும்போது பேருந்து நிலையத்தில் வரிசையாக நகரப் பேருந்துகள், எல்லாவற்றிலும் ஒரே இளஞ்சிவப்பு. எலுமிச்சை மாலையைக் காணோம், மீசைக்காரர் விடுப்பு. ஆச்சி "எது நம்ம வண்டிட்டி?" என்று கேட்கிறாள். மாரி ஒன்றைக் காட்டுகிறாள். இருட்டிய பிறகு தெரியாத ஊரில் இறங்குகிறார்கள். ஆச்சி திட்டவில்லை. அவள் கை நடுங்குவது மாரியின் கையில் தெரிகிறது. இந்த அத்தியாயத்தை நிறுத்தி நிதானமாக எழுதுங்கள், நாவலில் மிக நீளமானதாக இருந்தாலும் பரவாயில்லை. இதுவரை டீச்சருக்காகப் படித்தவள், இதற்குப் பிறகு தனக்காகப் படிக்கத் தொடங்குகிறாள்.

மூன்றாம் பருவத்தில் நான் மிகவும் விரும்பும் காட்சி ஒன்று. பள்ளி அலமாரியின் அடியில் 1978-க்கு முன் அச்சான ஒரு புத்தகம் கிடைக்கிறது. அந்த ஆண்டில்தான் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பெரியார் 1935 முதலே தன் பத்திரிகையில் பயன்படுத்திவந்த வடிவங்கள் பாடநூலுக்கு வந்தன. அதற்கு முன் லை, ளை, னை, ணை எழுத்துகளுக்கு முன்னால் கொம்பு கிடையாது, தலையில் யானைத் துதிக்கை போல ஒரு வளைவு இருக்கும். ணா, றா, னா எழுத்துகளுக்குத் துணைக்கால் தனியாக நிற்காது, எழுத்தோடு சேர்ந்து சுழியும். டீச்சர் அந்தப் புத்தகத்தை வகுப்பில் கொடுக்கிறார். நன்றாக வாசிக்கும் பையன் எழுந்து வாசிக்கத் தொடங்குகிறான், "தலை" என்ற இடத்தில் திணறி நிற்கிறான். அடுத்தவள், அதற்கடுத்தவன் எல்லாரும் அங்கேயே நிற்கிறார்கள். தினமும் தனக்கு நடப்பது வகுப்பு முழுவதற்கும் நடப்பதை மாரி பார்க்கிறாள். யாரையும் பார்த்து அவள் சிரிக்கவில்லை. கண் அறுவை முடிந்து புதுக்கண்ணாடி போட்ட ஆச்சி பள்ளிக்கு வந்திருக்கிறாள், அவள் அந்தப் புத்தகத்தை வாங்கிக் கடகடவென்று வாசிக்கிறாள். "இந்தப் புது எழுத்து வந்தப்போ பஸ் போர்டைப் பார்த்து ஒரு மாசம் முழிச்சேன்" என்கிறாள்.

இந்த இடத்தில் மாரி எழுந்து பழைய எழுத்தை அருமையாக வாசித்தாள் என்று எழுதக் கை துறுதுறுக்கும். வேண்டாம். அவளுக்கும் அது கடினம்தான்.

ஆறாம் படி: நடையும் சொல்லும்

வாசிக்கத் தடுமாறும் பிள்ளையைப் பற்றிய புத்தகத்தை, அந்தப் பிள்ளையே வாசிக்க முடியாமல் எழுதுவது பெரிய அநியாயம். "சொல்லிக்கொண்டிருந்துவிட்டாள்" வேண்டாம், "சொன்னாள்" போதும். நீண்டு ஒட்டிய சொற்களைப் பிரிக்க முடிந்த இடத்தில் பிரியுங்கள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வேலை. அத்தியாயம் ஆயிரம் சொல்லுக்குள் முடியட்டும். ஒரே மூச்சில் ஓர் அத்தியாயத்தை முடித்துவிட்டேன் என்ற மகிழ்ச்சி அந்தப் பிள்ளைக்கு மிகப் பெரியது. 2023-இல் பள்ளிகளுக்கு வந்த வாசிப்பு இயக்க நூல்களை வாங்கிப் பாருங்கள். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாக இருக்கும். "நட" நூல் ஒன்றை எடுத்து வாக்கிய நீளத்தை எண்ணிப் பார்த்தால் பலவும் புரியும்.

உரையாடலில் ஊர்ப்பேச்சு வரட்டும், விவரிப்பு எளிய எழுத்துத் தமிழில் இருக்கட்டும். மாரி தப்பாக வாசிப்பதைப் பக்கத்தில் அப்படியே காட்டுவதை மூன்று நான்கு இடங்களோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் படிக்கிற பிள்ளைகள் அதை வேடிக்கையாக எடுத்து, தம் வகுப்பில் யாரையாவது அப்படிக் கூப்பிடத் தொடங்குவார்கள். இது நடக்கும், நான் பார்த்திருக்கிறேன்.

அச்சுக்குப் போகும்போது பதிப்பாளரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்: எழுத்து பெரிதாக, வரிகளுக்கிடையே நல்ல இடைவெளி, வலப்பக்க ஓரத்தை இழுத்துச் சமப்படுத்தாமல், வரி முடிவில் சொல்லை உடைக்காமல். படத்தின் மேல் எழுத்தை அச்சடிக்க விடவே கூடாது.

ஏழாம் படி: முடிவு

மே மாதத்தில் மாறுதல் கலந்தாய்வு. தங்கம் டீச்சர் போய்விடுகிறார். பிரிவுக் காட்சியைக் கண்ணீரால் நிரப்ப வேண்டாம். அவர் அந்த ஜன்னல் அட்டையைப் புதிதாக வெட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறார். மாரி முதல் மதிப்பெண் வாங்கவில்லை, போட்டியில் பரிசும் இல்லை. ஜூனில் ஆறாம் வகுப்பு, பக்கத்து ஊர்ப் பள்ளி, தனியாகப் பேருந்து. நிறுத்தத்தில் வண்டி நிற்கிறது. அவள் பலகையை எழுத்தெழுத்தாகக் கூட்டுகிறாள். முடிப்பதற்குள் நடத்துநர் விசில் ஊதப் போகிறார். "அண்ணே, கொஞ்சம் நில்லுங்க, படிச்சுக்கிட்டிருக்கேன்" என்கிறாள். அத்தோடு நாவல் முடியும். ஓராண்டு முன்னால் அவள் செத்தாலும் சொல்லியிருக்க மாட்டாத வாக்கியம் அது.

எட்டாம் படி: பிள்ளைகளிடம் கொண்டு போங்கள்

முதல் பிரதியைப் பெரியவர்களுக்குக் காட்டுவதற்கு முன் ஒரு சிறப்பாசிரியரிடம் கொடுத்து, தவறான தகவல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் கேட்டுக்கொண்டு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். எந்தப் பிள்ளையையும் "இது உன் கதை" என்று சுட்டிவிடாதீர்கள். யாருக்குப் பிடித்தது என்றும் கேட்க வேண்டாம், உங்களுக்காக எல்லாரும் பிடித்தது என்றே சொல்வார்கள். வாசிக்கும்போது கையில் பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே பார்க்கும் இடத்தில் ஓரத்தில் ஒரு கோடு. சிரிக்கும் இடத்தில் ஒரு சுழி. வகுப்பு முழுவதும் சிரிக்கும்போது, கடைசி வரிசையில் ஒரு பிள்ளை மட்டும் சிரிக்காமல் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தால், அந்த வரிக்கு நேரே ஒரு புள்ளி வைத்துவிட்டு வாசித்துக்கொண்டே போங்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் அந்தப் புள்ளி உள்ள பக்கத்தை எடுங்கள்.